பெயர் தெரியாத எறும்பை இனம் காணுதல்

எறும்பை இனம் காணும்போது நிறத்தையும் அளவையும் கடைசியில்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ‘சிவப்பு, சின்னது, கடிக்கும்’ என்ற மூன்று விவரங்களும் தமிழ்நாட்டில் மட்டுமே டஜன் கணக்கான இனங்களுக்குப் பொருந்திவிடும். கூட்டுப்புழுவிலிருந்து புதிதாக வெளிவந்த வேலைக்கார எறும்பு வெளிறிய மஞ்சளாக இருக்கும். சில நாளில் அதே எறும்பு கறுத்துவிடும். மரத்தடியில் புற்று வைக்கும் கட்டெறும்பான கேம்போனோட்டஸ் கம்ப்ரெஸஸ் கூட்டில் சிறியதும் பெரியதுமாக நடமாடும் எறும்புகளை அருகருகே வைத்தால், பெரியது சிறியதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் நீளம் இருக்கும். இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். நிறத்தையும் அளவையும் மட்டும் நம்புபவர் இவற்றை இரண்டு இனம் என்றே எழுதி வைப்பார்.

உலகில் இதுவரை பெயரிடப்பட்ட எறும்பு இனங்கள் 14,000-க்கும் மேல். இந்தியாவுக்கென்று 2016-ல் வெளியான பட்டியல், 100 பேரினங்களில் 828 சிற்றினங்களையும் துணையினங்களையும் கணக்குக் காட்டுகிறது. 828 என்பது மலைக்க வைக்கும் எண், 100 அப்படியல்ல. அந்த நூறிலும் தோட்டம், வயல்வெளி, சாலையோரம், ஊரை ஒட்டிய காடு ஆகிய இடங்களில் அடிக்கடி எதிர்ப்படுபவை முப்பதுக்குள் அடங்கும். பத்து மடங்கு பெருக்கும் கை லென்ஸும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் பேரினம் வரை யாரும் போய்விடலாம். அதற்கப்பால் சிற்றினத்தைச் சொல்வது சில பேரினங்களில் எளிது. சிலவற்றில் நிபுணருக்கே நுண்ணோக்கியும் அருங்காட்சியக மாதிரிகளும் வேண்டியிருக்கும்.

வழக்கில் உள்ள ஊர்ப்பெயர்களில் ‘முசுறு’ ஒன்றுதான் பெரும்பாலும் ஒரே சிற்றினத்தைக் குறிக்கிறது. ‘கட்டெறும்பு’, ‘சித்தெறும்பு’, ‘பிள்ளையார் எறும்பு’ எல்லாம் தொகுப்புப் பெயர்கள். ஊருக்கு ஊர் வேறு எறும்புக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். குறிப்பேட்டில் ஊர்ப்பெயரையும் எழுதி வைப்பது நல்லது. ஆனால் அதை முடிவாகக் கொள்ளக் கூடாது.

எறும்புதானா?

முதல் கேள்வியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். எறும்பு என்று சொல்ல இரண்டு அடையாளங்கள் சேர்ந்து வேண்டும். ஒன்று, உணர்கொம்பு முழங்கை மடிந்தது போல வளைந்திருக்க வேண்டும்: தலையை ஒட்டி ஒரே நீண்ட தண்டு, அதன் முனையில் மடிப்பு, அதற்குப் பின் சிறு கணுக்களின் வரிசை. இரண்டு, மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே மிகக் குறுகிய இடுப்பும், அந்த இடுப்பில் மேல்நோக்கிப் புடைத்த ஒன்றோ இரண்டோ கணுக்களும் இருக்க வேண்டும். குளவிக்கும் ஒல்லி இடுப்பு உண்டு. புடைத்த கணு கிடையாது.

கறையானுக்கு இடுப்பே இல்லை. மணி கோத்த மாதிரி நேரான உணர்கொம்பு. மழைக்குப் பின் விளக்கைச் சுற்றும் ஈசலுக்கு நான்கு இறக்கைகளும் ஏறக்குறைய ஒரே அளவு; உடலை விட மிக நீளம். இறக்கை முளைத்த எறும்புக்கு முன்னிறக்கை பெரியது, பின்னிறக்கை சிறியது. ஆண் எறும்புகள் மட்டும் கொஞ்சம் குழப்பும். அவற்றின் உணர்கொம்பில் அடித்தண்டு குட்டையாக இருப்பதால் முழங்கை மடிப்பு தெளிவாகத் தெரியாது. தலை சிறியது, கண் பெரியது. இறக்கையுள்ளவற்றை வைத்து இனம் சொல்ல முயல வேண்டாம். இந்த அத்தியாயத்தில் சொல்லப்படும் அடையாளங்கள் யாவும் இறக்கையற்ற வேலைக்கார எறும்புகளுக்கு உரியவை.

வேடதாரிகளும் உண்டு. முசுறு கூடுகட்டிய மரத்தில் மிர்மாபிளாட்டா பிளாட்டலியாய்டிஸ் என்ற குதிக்கும் சிலந்தி அதே செம்பழுப்பு நிறத்தில், அதே உருவத்தில், முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு போல உயர்த்தி ஆட்டிக்கொண்டு திரியும். கால்களை எண்ணினால் எட்டு. கிளையைத் தட்டினால் நூலில் தொங்கும். அதன் ஆண் சிலந்திக்குத் தாடை முன்னோக்கி நீண்டு, முனையில் கறுத்துத் தடித்திருக்கும். ஓர் எறும்பு இன்னோர் எறும்பைத் தூக்கிச் செல்வதாகவே தோன்றும். அவரை, தட்டைப்பயறு, உளுந்துச் செடிகளில் காய் உறிஞ்சும் நாவாய்ப்பூச்சியான ரிப்டார்ட்டஸின் குஞ்சுகளும் கறுப்பு எறும்பைப் போலவே இருக்கும். அவற்றுக்கு மடிப்பில்லாத உணர்கொம்பும், தாடைக்குப் பதில் வயிற்றடியில் மடித்து வைத்த ஊசி மூக்கும் இருக்கும். பஞ்சு போன்ற சிவப்பு, வெள்ளை மயிருடன் மண்ணில் தனியே ஓடும் ‘வெல்வெட் எறும்பு’ உண்மையில் இறக்கையற்ற பெண் குளவி. வெறுங்கையால் தொடக் கூடாது, கொட்டு கடுமையானது.

மாதிரி சேகரிப்பு

ஓர் எறும்பு போதாது. ஒரே சாரியிலிருந்தோ ஒரே புற்றிலிருந்தோ எட்டுப் பத்து எறும்புகளை எடுத்தால்தான் அந்த இனத்தில் எல்லாம் ஒரே அளவா, இரண்டு அளவா, சிறியதிலிருந்து பெரியது வரை தொடர்ச்சியாகப் பல அளவா என்பது தெரியும். இனம் காண்பதில் இந்த ஒரு விவரம் பாதி வேலையை முடித்துவிடும். குறிப்பாகப் பெருந்தலை எறும்பு ஒன்றையாவது தேடிப் பிடிக்க வேண்டும். அவை சாரியில் அதிகம் வராது. புற்று வாயை லேசாகக் கிளறினால் வெளியே வரும்.

பிடிப்பதற்கு ஓவியத் தூரிகையே நல்ல கருவி. நுனியை எரிசாராயத்தில் நனைத்து எறும்பின் மேல் வைத்தால் ஒட்டிக்கொண்டு வரும், நசுங்காது. வாயால் உறிஞ்சிப் பிடிக்கும் குழாயைப் பூச்சி ஆய்வாளர்கள் பயன்படுத்துவதுண்டு. ஃபார்மிக் அமிலம் பீய்ச்சும் எறும்புகளுக்கு அதைப் பயன்படுத்தினால் அமில ஆவி நேரே தொண்டைக்குப் போகும். எந்த எறும்பு என்று தெரியாத நிலையில் தூரிகையோடு நிறுத்திக்கொள்வதே அறிவு. சாரி கண்ணில் படாவிட்டால் ஒரு துண்டுத் தாளில் சர்க்கரைப் பாகும், இன்னொன்றில் கருவாட்டுத் துணுக்கும் வைத்து அரைமணி நேரம் விட்டால் போதும். எதற்கு வந்தது என்பதும் ஒரு குறிப்பு.

சேகரித்தவற்றை மூடி இறுகிய சிறு குப்பியில், 70 சதவீதத்துக்குக் குறையாத எரிசாராயத்தில் போட வேண்டும். மரபணு ஆய்வுக்கும் உதவ வேண்டுமென்றால் 95 சதவீதம் நல்லது. குப்பிக்குள்ளேயே பென்சிலால் எழுதிய சீட்டைப் போட வேண்டும். பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும். ஊர், மாவட்டம், தேதி, கடல் மட்டத்திலிருந்து உயரம், எடுத்தவர் பெயர், எங்கே இருந்தது (மண்ணிலா, பட்டையிலா, இலைச் சருகிலா) ஆகியவை சீட்டில் இருக்க வேண்டும். சீட்டில்லாத மாதிரி எவ்வளவு அரிய எறும்பாக இருந்தாலும் பயனற்றது. காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. அங்கே படத்தோடு நின்றுகொள்ள வேண்டியதுதான்.

படம் எடுப்பதற்கு மூன்று கோணங்கள் கட்டாயம்: நேர் முன்னிருந்து தலை, பக்கவாட்டில் முழு உடல், மேலிருந்து முழு உடல். மேலிருந்து எடுத்த ஒற்றைப் படத்தை வைத்துக்கொண்டு இனம் கேட்பவர்களே அதிகம். ஆனால் இடுப்புக் கணுவின் வடிவம் பக்கவாட்டில்தான் தெரியும். கைப்பேசியில் மாட்டும் சிறு மேக்ரோ லென்ஸ் இதற்குப் போதும். உயிருள்ள எறும்பு நிற்காது என்பதால் குப்பியோடு குளிர்பதனப் பெட்டியில் சில நிமிடம் வைத்து எடுத்தால், ஒரு நிமிடமாவது அசையாமல் கிடக்கும். பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோல் வைக்க மறக்கக் கூடாது.

இடுப்பும் வால்முனையும்

இங்கேதான் இனம் காண்பது உண்மையில் தொடங்குகிறது. பக்கவாட்டில் பார்த்து, மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே எத்தனை கணு என்று எண்ண வேண்டும்.

இரண்டு கணு இருந்தால் அநேகமாக அது மிர்மிசினே துணைக்குடும்பம். இந்தியாவில் மிகப் பெரிய துணைக்குடும்பமும் இதுதான். வீட்டு அடுக்களையில் அலையும் பல சித்தெறும்புகளும் நெருப்பெறும்பும் இதில் அடக்கம். இரண்டு கணுவோடு ஒடிசலான நீண்ட உடலும் தலையின் பக்கத்தில் பெரும்பகுதியை அடைத்த பெரிய கண்ணும் இருந்து, எறும்பு மரத்தில் இருந்தால் அது சூடோமிர்மெசினே; நம் பகுதியில் டெட்ராபோனெரா என்ற ஒரே பேரினம். இரண்டு கணு, ஆனால் கண்ணே இல்லை, நெருக்கமான சாரியாகப் போகிறது என்றால் படையெறும்பான ஈனிக்டஸ்.

ஒரே கணு என்றால் வயிற்றின் நுனியைப் பார்க்க வேண்டும். லென்ஸின் கீழ் நுனியில் வட்டமான சிறு துளையும் அதைச் சுற்றி மயிர் வளையமும் தெரிந்தால் ஃபார்மிசினே. இந்தத் துளை வழியாகத்தான் அமிலம் பீய்ச்சப்படும், கொடுக்கு கிடையாது. வட்டத் துளை இல்லாமல் குறுக்குப் பிளவு மட்டும் இருந்தால் டோலிகோடெரினே. இவற்றுக்கும் கொடுக்கு இல்லை, ஆனால் நசுக்கினால் வாடை வரும். வீட்டிலும் வெளியிலும் சாதாரணமாகக் காணப்படும் டாப்பினோமா மெலனோசெஃபாலம் நசுக்கினால் கெட்டுப்போன தேங்காய் வாடை அடிக்கும். 2 மில்லிமீட்டர்கூட வராத இதற்குத் தலையும் மார்பும் கறுப்பு, வயிறும் காலும் ஏறக்குறைய நிறமற்றவை. அதனால் வெள்ளைத் தரையில் கறுப்புப் புள்ளி தானே நகர்வது போலத் தோன்றும்.

நுனியில் கொடுக்கு நீட்டிக்கொண்டிருந்து, வயிற்றின் முதல் வளையத்துக்கும் இரண்டாவதற்கும் இடையே சற்றுச் சுருங்கிய பள்ளம் தெரிந்தால் பொனெரினே. பெரும்பாலும் கறுப்பு, கெட்டியான உடல், தரையில் தனியாக இரை தேடும் வழக்கம். ஒரே கணு, கண் இல்லை, மண்ணுக்கடியில் கூட்டம் என்றால் டோரைலஸ். நிலக்கடலை, உருளைக்கிழங்கு வயல்களில் கிழங்கையும் காயையும் துளைக்கும் செம்பழுப்பு எறும்பு பெரும்பாலும் இதுதான். உழும்போதன்றி வெளியே தலை காட்டாது.

உணர்கொம்புக் கணுக்கள்

துணைக்குடும்பம் தெரிந்தபின் பேரினத்துக்குப் போகும் மிக நம்பகமான வழி உணர்கொம்பின் கணுக்களை எண்ணுவது. அடித்தண்டையும் ஒன்றாகச் சேர்த்து எண்ண வேண்டும். சாராயத்தில் ஊறிய எறும்பை வெள்ளைத் தாளில் வைத்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து விட்டால் கணுக்களின் இடைக்கோடு தெரியும். இரு முறை எண்ணுவது வழக்கம். நுனிக்கணு பெரிதாக இருக்கும்போது அதற்கு முந்தைய சிறு கணு கண்ணுக்குத் தப்பிவிடும்.

பெரும்பாலான எறும்புகளுக்கு 12. அந்த எண் வந்தால் பெரிதாக எதுவும் தெரிந்துவிடாது. குறைவாக வந்தால்தான் விருந்து. இரண்டு கணு இடுப்புள்ள எறும்புக்கு 7 மட்டும் இருந்தால் மிர்மிகேரியா. வேறொன்றாக இருக்க வாய்ப்பே இல்லை. பழுப்பு நிறம், நீண்ட மயிர், வயிற்றை உடலுக்கடியில் மடித்துக்கொண்டு நடக்கும் பழக்கம், புற்று வாயைச் சுற்றி வட்டமாகக் கொட்டிய மண் ஆகியவற்றால் இதைத் தூரத்திலிருந்தும் சொல்லலாம். 9 இருந்து, மார்பின் மேல் அகன்ற கேடயத் தகடும் அடர்ந்த மயிரும் இருந்தால் மெரனோப்ளஸ். தொட்டால் காலை மடக்கிக்கொண்டு செத்தது போலக் கிடக்கும். 10 இருந்து, நுனி இரண்டு கணுக்கள் மட்டும் தடித்து, மார்பின் பின்முனையில் முள் எதுவும் இல்லாவிட்டால் சோலெனாப்சிஸ்: நெருப்பெறும்பு இதைச் சேர்ந்தது. 11 இருந்து, வயிறு மேலிருந்து பார்க்க இதய வடிவில், மிரண்டால் தலைக்கு மேலே தூக்கி வளைத்துக்கொள்வதாக இருந்தால் கிரெமட்டோகாஸ்டர். மற்ற எறும்புகளில் இடுப்பு வயிற்றின் முன்முனையில் சேரும். கிரெமட்டோகாஸ்டரில் மட்டும் வயிற்றின் மேல்பக்கத்தில் சேர்கிறது. வயிற்றை அப்படித் தூக்க முடிவது அதனால்தான்.

ஒற்றைக் கணு எறும்புகளில் 11 வந்தால் இரண்டு பேரைச் சந்தேகிக்கலாம். இடுப்புக் கணுவின் உச்சி இரண்டு கூராகப் பிரிந்திருக்கும் சின்னக் கறுப்பு எறும்பு லெபிசியோட்டா. கால்களும் உணர்கொம்பும் உடலுக்குப் பொருந்தாத நீளத்தில் இருந்தால் அனோப்லோலெபிஸ். அதைப் பற்றிப் பின்னால் விரிவாக வரும்.

12 கணு வந்தவற்றை வேறு அடையாளங்களால் பிரிக்க வேண்டும். ஃபார்மிசினேயில் மார்பின் மேல்கோடு பக்கவாட்டில் ஒரே வளைவாக ஓடி, உணர்கொம்பு முளைக்கும் குழி முகத்தகட்டின் விளிம்பை ஒட்டாமல் சற்று மேலே தள்ளி இருந்தால் கேம்போனோட்டஸ் அல்லது பாலிராக்கிஸ். மார்பிலோ இடுப்புக் கணுவிலோ முள் இருந்து எல்லாம் ஒரே அளவாக இருந்தால் பாலிராக்கிஸ். முள்ளின்றிப் பல அளவுகளில் இருந்தால் கேம்போனோட்டஸ். இவற்றில் கேம்போனோட்டஸ் செரிசியஸ் வயிற்றில் பட்டுப்போன்ற பொன்னிற மென்மயிரால் உடனே தெரியும். ஒன்றின் பின்னால் ஒன்று தொட்டபடி ஜோடியாக நடப்பது அதன் வழக்கம். மிர்மிசினேயில் சாதாரண அளவுத் தலையுள்ள சிறிய எறும்புகளும் உடலுக்கு மீறிய தலையுள்ள பெரியவையும் ஒரே சாரியில் இருந்து, இடைப்பட்ட அளவு இல்லாமல், உணர்கொம்பு நுனியில் மூன்று கணுக்கள் தடித்திருந்தால் ஃபெய்டோலே. அதே மூன்று கணுத் தடிப்பு, ஆனால் மார்பில் முள் இல்லை, பெருந்தலையும் இல்லை என்றால் மோனோமோரியம்.

பெரிய எறும்பின் முதுகிலும் தலையிலும் பொடி எறும்புகள் சவாரி போவதைக் கண்டால் அது கேரிபாரா. இதன் மிகப் பெரிய வேலைக்கார எறும்பு, மிகச் சிறியதைப்போல் ஏறக்குறைய 500 மடங்கு எடை கொண்டது. முதல் முறை பார்ப்பவர்கள் பெரிய எறும்பைச் சின்ன எறும்புகள் தாக்குவதாகவே நினைப்பார்கள்.

தாடையாலும் கூட்டாலும் தெரிபவை

சில எறும்புகளுக்கு எண்ணிக்கையே தேவையில்லை. தாடை இரண்டும் 180 பாகை விரிந்து, பட்டென்று மூடும் ஒடோன்டோமாக்கஸை யாரும் தவறவிட மாட்டார்கள். தாடை நீண்டு முன்னோக்கி மேல் வளைந்து, கண் பெரிதாக, மிரண்டால் பல செ.மீ. தாவும் பெரிய எறும்பு ஹார்பெக்நாத்தஸ் சால்டேட்டர். தென்னிந்திய எறும்புகளைப் பட்டியலிட்ட ஜெர்டன் 1851-ல் விவரித்த இனம் இது. உடல் முழுதும் வரிவரியாகச் செதுக்கிய கறுப்பு எறும்பு, இடுப்புக் கணுவில் இரண்டு முள்ளுடன் தனியாக இரை தேடினால் டயக்கம்மா. அதன் புற்று வாயில் சுள்ளி, இறகு, செத்த எறும்பு என்று எதையாவது குவித்து வைத்திருக்கும். இந்தப் பேரினத்தில் ராணி என்ற தனி உருவமே கிடையாது. வேலைக்கார எறும்புகளில் ஒன்றே இணைசேர்ந்து முட்டையிடும். ராணியைத் தேடிப் புற்றைத் தோண்டுவது வீண்வேலை.

கூட்டையும் படமெடுத்து வைக்க வேண்டும். இலைகளை வெள்ளை நூலால் ஒட்டிய பந்து முசுறுக்கு உரியது. நூல் புழுக்களிடமிருந்து வருகிறது, வேலைக்கார எறும்புகள் புழுவைத் தாடையில் பிடித்து இலை விளிம்பில் இழுத்து இழுத்து ஒட்டும். கிளையில் கறுத்த அட்டை போன்ற பந்து தொங்கினால் கிரெமட்டோகாஸ்டர். புற்று வாயைச் சுற்றிப் புல் விதையின் உமி குவிந்திருந்தால் விதை சேர்க்கும் எறும்பு. பளபளக்கும் கறுப்பு எறும்புகள் நெருக்கமான பட்டையாகக் கறையான் வேட்டைக்குப் போய், திரும்பும்போது ஆளுக்கொரு கறையானைக் கவ்வி வந்தால் லெப்டோஜெனிஸ் ப்ராசெஷனாலிஸ்.

மரத்தில் தனியாகத் திரியும், தலையும் வயிறும் கறுத்து மார்பு மட்டும் சிவந்த 1 செ.மீ. நீள எறும்பைக் கையால் பிடிக்கவே கூடாது. அது டெட்ராபோனெரா ரூஃபோனிக்ரா. கொட்டினால் கடுமையாக வலிக்கும். சிலருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வந்ததுண்டு. கொட்டிய பின் மூச்சுத்திணறலோ முகவீக்கமோ தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மஞ்சள் எறும்பு: ஒரு முழு உதாரணம்

2022-ல் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் வட்டாரத்தில் கரந்தமலைக் காட்டை ஒட்டிய கிராமங்களில் மஞ்சள் நிற எறும்புகள் பெருந்திரளாகப் பெருகின. ஆடு மாடுகளின் கண்ணைப் பாதிக்கின்றன, மனிதர்கள் காட்டுப்பக்கம் போக முடியவில்லை என்று செய்தி பரவியது. அது அனோப்லோலெபிஸ் கிராசிலிப்பஸ் என்று அடையாளம் காணப்பட்டது. உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் இனங்களின் பட்டியலில் இடம்பெற்ற ஐந்து எறும்புகளில் இதுவும் ஒன்று. இந்தியப் பெருங்கடலின் கிறிஸ்துமஸ் தீவில் கோடிக்கணக்கான செந்நண்டுகளைக் கொன்றதும் இதுதான். அந்தச் செய்திக்குப் பிறகு எந்த மஞ்சள் எறும்பைப் பார்த்தாலும் அதுவோ என்று பயப்படுவது இயல்பு. தென்னந்தோப்புச் சருகுக்கடியில் 4, 5 மி.மீ. நீளமுள்ள மஞ்சள் பழுப்பு எறும்புகள் கூட்டமாக ஓடுகின்றன என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன வரிசையில் அதை எப்படிச் சோதிப்பது?

சந்தேகத்துக்கு உரியவை நான்கு: முசுறு, நெருப்பெறும்பு, இரவில் திரியும் மஞ்சள் கேம்போனோட்டஸ், அனோப்லோலெபிஸ்.

பக்கவாட்டில் இடுப்பு. இரண்டு கணு தெரிந்தால் நெருப்பெறும்பின் பக்கம் போக வேண்டும்: சாரியில் 3 மி.மீ. முதல் 8 மி.மீ. வரை பல அளவுகள், பெரியவற்றுக்கு நடுவில் பிளந்த பெரிய தலை, உணர்கொம்பில் 10 கணு, கொட்டினால் எரிச்சல். இது சோலெனாப்சிஸ் ஜெமினேட்டா. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து நெடுங்காலமாகத் தென்னிந்தியாவில் நிலைத்துவிட்டது. ஒரே கணு என்றால் நெருப்பெறும்பு கழிந்தது.

அடுத்து அந்தக் கணுவின் வடிவம். முசுறுக்கு அது நீண்டு தாழ்ந்த தண்டு. மேலே எழுந்த கணு என்று சொல்ல முடியாது. அனோப்லோலெபிஸுக்கு நிமிர்ந்த தடித்த கணு. முசுறு மரத்தில் இலைக்கூட்டில் வாழ்வது, சீண்டினால் ஓடாமல் நின்று தாடையை விரித்து வயிற்றைத் தூக்குவது. சருகுக்கடியில் ஓடுவது அதன் குணமல்ல.

மீதி இரண்டு. பத்து எறும்புகளைத் தாளில் பரப்பினால், அளவு பலவாக இருந்தால் கேம்போனோட்டஸ், ஒரே அளவாக இருந்தால் அனோப்லோலெபிஸ். உறுதிப்படுத்த உணர்கொம்பு: கேம்போனோட்டஸுக்கு 12, அனோப்லோலெபிஸுக்கு 11. அதோடு அடித்தண்டைப் பின்னோக்கி மடித்துப் பார்த்தால், அனோப்லோலெபிஸில் அது தலையின் பின் விளிம்பைத் தாண்டி வெகுதூரம் நீண்டு நிற்கும். தலை நீளத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் நீளம் அது. வயிறு மற்ற பாகத்தை விடச் சற்றுக் கருமை, கண் பெரிது, மார்பு ஒடிசல். சருகைக் கிளறினால் திசை தெரியாமல் தாறுமாறாக ஓடும். கொட்டாது; அமிலம் பீய்ச்சும்.

இதே நீண்ட கால், நீண்ட உணர்கொம்பு, தாறுமாறான ஓட்டத்தோடு வேறொரு எறும்பும் சாதாரணமாகக் காணக் கிடைக்கிறது: பாராட்ரெச்சினா லாங்கிகார்னிஸ். 3 மி.மீ. தாண்டாது, கறுப்பு, சாய்ந்த வெயிலில் நீல மினுமினுப்பு, உடலில் முரட்டு வெண்மயிர், 12 கணு. இதைக் கண்டு யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. அனோப்லோலெபிஸ் என்று 11 கணுவும் எண்ணி உறுதியானால் மட்டும் படங்களோடும் மாதிரியோடும் வனத்துறைக்கோ வேளாண் அலுவலகத்துக்கோ தெரிவிக்கலாம். ஓர் எறும்பு கிடைத்தது என்பதாலேயே படையெடுப்பு என்று ஆகிவிடாது. எத்தனை மரத்தடியில், எவ்வளவு அடர்த்தியில் இருக்கிறது என்பதையும் எழுதித் தர வேண்டும்.

பெயரைச் சரிபார்த்தல்

பேரினம் தெரிந்தபின் ஒப்பிடுவதற்குப் படங்கள் வேண்டும். கலிஃபோர்னியா அறிவியல் கழகத்தின் ஆன்ட்வெப் தளத்தில் அருங்காட்சியக மாதிரிகளை முன், பக்க, மேல் கோணங்களில் எடுத்த படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மேலே மூன்று கோணங்களை வற்புறுத்தியதற்கு இதுவும் காரணம். ஒப்பிடும்போது முதலில் அந்தப் பேரினத்தில் தமிழ்நாட்டிலும் அண்டை மாநிலங்களிலும் பதிவான இனங்களை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். தென்னமெரிக்க எறும்பின் படம் அச்சு அசலாகப் பொருந்துவது போல் தெரிந்தால், எங்கோ எண்ணிக்கை தவறியிருக்கிறது என்று கொள்வதே பாதுகாப்பு. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் படம் ஏற்றியதும் கணினி ஒரு பெயரை முன்வைக்கும். அதை ஒரு யோசனையாக மட்டும் வைத்துக்கொண்டு கணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அச்சு நூல்களில் பிங்காம் 1903-ல் எழுதிய பிரிட்டிஷ் இந்திய விலங்கினத் தொகுதி இன்றும் பயன்படுகிறது. அஜய் நரேந்திராவும் சுனில் குமாரும் 2006-ல் வெளியிட்ட தீபகற்ப இந்திய எறும்புக் கையேடு தொடக்கநிலைக்கு எளிது. பழைய நூல்களைப் படிக்கும்போது பெயர் மாற்றங்களைக் கவனிக்க வேண்டும். ஃபெய்டோலாஜெட்டான் என்ற பேரினம் 2014-ல் கேரிபாராவோடு சேர்க்கப்பட்டது. மோனோமோரியம் டெஸ்ட்ரக்டர் 2015-லிருந்து ட்ரைக்கோமிர்மெக்ஸ் டெஸ்ட்ரக்டர். பெயர் பொருந்தாததால் இனம் தவறு என்று முடிவு கட்டும் முன் பழைய பெயர்ப் பட்டியலை ஒருமுறை பார்க்க வேண்டும்.

சிற்றினம் வரை போக முடியாத இடங்களில் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வது குறையல்ல. ஃபெய்டோலே, கிரெமட்டோகாஸ்டர், மோனோமோரியம் ஆகியவற்றில் படத்தை மட்டும் வைத்துச் சிற்றினம் சொல்பவரை நம்ப வேண்டியதில்லை. ‘ஃபெய்டோலே, சிற்றினம் உறுதியில்லை’ என்று எழுதிய சீட்டு, ஊகித்து எழுதிய முழுப்பெயரை விட மதிப்புள்ளது. பின்னால் ஆராய்பவர் அதிலிருந்து தொடங்கலாம். அதற்கு மேல் அறிய விரும்பினால் சென்னையிலுள்ள இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தையோ, பூச்சியியல் துறையுள்ள பல்கலைக்கழகத்தையோ அணுகலாம். அனுப்பும் மாதிரியில் பெருந்தலை எறும்பும் சிறு எறும்பும் இரண்டும் இருக்க வேண்டும். குப்பி நிரம்பச் சாராயம் ஊற்றி, மூடியைச் சுற்றி நாடா ஒட்டி, உள்ளே சீட்டு இருக்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும்.